புதினா வைத்த கப்

"அக்கா, அவருக்கு மறுபடி வேலை கிடைச்சிருச்சு! ஞாயித்துக்கிழமை எல்லாரும் உங்க வீட்ல சாப்பிடலாமா? உன் கையால அந்த ஒயின் ஜெல்லியும் வேணும், அவருக்கு மட்டும் ஒயின் இல்லாம."

போன வாரம் சின்னவள் போனில் இப்படிக் கேட்டபோது, "அதுக்கென்ன, தாராளமா வாங்க" என்று சொன்னவள் பெரியவள்தான். போனை வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்துக்கொண்டு நின்றவளும் அவளேதான்.

அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. ஏன் இல்லை என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றுதான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சொல்லிவிடலாம். சின்னவளின் கணவன் வேன் டிரைவர். குடித்துவிட்டு ஓட்டிய ஒரு மாலையில், ஓரமாக நின்றிருந்த லாரியின் முதுகில் கொண்டுபோய் மோதினான். அவனுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவளின் கணவருக்கு வலது கால் போயிற்று.

அவர் பெரிய தையற்கூடம் ஒன்றில் கட்டிங் மாஸ்டர். நாளெல்லாம் நின்றபடி, நீள மேஜையில் துணியைப் பரப்பி, கத்தரியால் ஒரே இழுப்பில் வெட்டுகிறவர். நிற்க முடியாத மாஸ்டரை வைத்துக்கொண்டு கூடம் என்ன செய்யும்? இரக்கப்பட்டு வீட்டுக்குப் பொத்தான் தைக்கும் வேலை அனுப்பியது. இப்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்தவர் வெட்டிய சட்டைகளுக்குப் பொத்தான் வைக்கிறார்.

டிரைவர் அன்றோடு குடியை விட்டான். சத்தியமாக விட்டான். மாஸ்டரும் அவனை மன்னித்துவிட்டார். வாரம் தவறாமல் அவன் வருகிறான், இருவரும் கேரம் ஆடுகிறார்கள், சிரிக்கிறார்கள். பெரியவள் அந்தச் சிரிப்புக்கு நடுவே டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுக்களைக்குத் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொள்கிறாள்.

அவளால் மட்டும் முடியவில்லை.

ஞாயிறு காலை, ஜெலட்டின் தாள்களைக் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டாள். கண்ணாடிக் காகிதம் போல மொடமொடவென்றிருந்தவை மெல்ல மெல்லத் துவண்டு, ஈரத்துணியாகின. ஜெல்லி, புட்டிங் என்று சுற்றுவட்டாரத்து விருந்துகளுக்கெல்லாம் அவள்தான் செய்து கொடுப்பாள். குடியிருப்பில் அவளுக்கு "ஜெல்லியக்கா" என்றே பெயர். அதிலும் ஒயின் ஜெல்லி என்றால் வேறு யாரிடமும் போக மாட்டார்கள்.

அடுப்பைச் சிறுதீயில் வைத்து, கொஞ்சம் ஒயினில் சர்க்கரையையும் ஆரஞ்சுத் தோலையும் ஒரு துண்டுப் பட்டையையும் போட்டுச் சூடாக்கினாள். கொதிக்க விடவில்லை. கொதித்தால் ஜெலட்டின் பிடிக்காது. தாள்களைப் பிழிந்து அதில் போட்டதும் சுவடில்லாமல் கரைந்தன. மெல்லிய துணியில் வடிகட்டி, கை பொறுக்கும் பதத்துக்கு ஆறவிட்டு, மீதி ஒயினை அப்படியே பச்சையாக ஊற்றினாள்.

அதுதான் அவள் கைமணத்தின் சூட்சுமம். சூடு படாத ஒயின் வாசனையை விடாது. போதையையும் விடாது.

ஊன்றுகோல் சத்தம் கேட்டது. மாஸ்டர் அடுக்களை வாசற்படியில் சாய்ந்து நின்றார்.

"வாசனை தூக்குதே! சரி, அவனுக்கு?"

"அவருக்குத் தனியா திராட்சைச் சாறுல. இதோ பாருங்க." இன்னொரு சின்னப் பாத்திரத்தில் இருந்ததை ஒரு கப்பில் ஊற்றிக் காட்டினாள். "நிறம் ஒன்னுபோலதான் இருக்கும். மாறிடக் கூடாதுன்னு இதுல மட்டும் புதினா இலை வைக்கப் போறேன்."

"நல்லது." போகத் திரும்பினார். "பாவம்டி அவன். இன்னிக்கு ஒரு நாள் முகத்தைக் கொஞ்சம் மலர்ச்சியா வச்சுக்கோ."

"நான் எப்பவும் எப்படி வச்சிருக்கேன்?"

"கண்ணாடியப் பாரு" என்று சிரித்துவிட்டு அவர் ஜன்னலோரத்துக்குப் போனார்.

பாவமாம்!

கப்புகள் ஃப்ரிட்ஜில் இறுகிய பிறகு, சொன்னபடியே திராட்சைச் சாற்றுக் கப்பின் மேல் ஒரு புதினா இலையை வைத்தாள். கதவை மூடினாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது. போனில் டிரைவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். "வாப்பா சகல, சீக்கிரம் வா. இன்னிக்கு உன்னை மண்ணைக் கவ்வ வைக்கிறேன் பாரு!"

அந்தக் குதூகலம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஃப்ரிட்ஜை மறுபடி திறந்தாள். இலையை இரண்டு விரலால் எடுத்து, பக்கத்திலிருந்த ஒயின் கப்பின் மேல் வைத்தாள். சாற்றுக் கப்பைத் தட்டின் மூலைக்குத் தள்ளினாள். அதைத் தானே எடுத்துக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

அவ்வளவு சுலபமாக இருந்தது.

மதியம் எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்பா முதலில் வந்தார், கூடவே ஒரு விருந்தாளியும். வேன் கம்பெனியின் மேனேஜர். டிரைவருக்கு மறுபடி வேலை கேட்டு அவரிடம் நடையாய் நடந்தவர் அப்பாதான்.

"என் பேச்சுக்காகத்தான் இவர் ஒத்துக்கிட்டாரு" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். "நாளைக்கு என் மாப்பிள்ளை வண்டி எடுக்கறாரு. ஸ்கூல் புள்ளைங்க போற வண்டி!"

"சார் மேல இருக்கிற மரியாதைக்காக" என்றார் மேனேஜர். சிரிப்பு இருந்தது, குரலில் கண்டிப்பும் இருந்தது. "ஒரு தடவை தடுக்கினாலும் நான் பொறுக்க மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டேன்."

டிரைவர் புதுச்சட்டை போட்டிருந்தான். பொத்தான்கள் மாஸ்டர் தைத்தவை. சின்னவள் அவன் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கண்ணுக்கு மை தீட்டியிருந்தாள். தங்கையின் அந்த மையைப் பார்த்தபோது பெரியவளுக்கு ஒரு நொடி மனசு பின்வாங்கியது. இப்போதுகூட ஒன்றுமில்லை, தட்டைக் கொண்டுவரும்போது இலையை மாற்றிவிடலாம்.

மாற்றவில்லை.

சாப்பாடு முடிந்து தட்டைக் கொண்டுவந்து வைத்ததும் அப்பா எழுந்தார். "குடு, நான் குடுக்கறேன். இன்னிக்கு என் கையால."

"அப்பா, நானே..."

"உக்காரு நீ. எப்பப் பாரு நின்னுக்கிட்டே இருக்கே." தட்டை வாங்கிக்கொண்டார். "மூத்த மாப்பிள்ளைக்கு முதல்ல!"

மூலையில் இருந்த கப்பை எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்தார்.

அது சாற்றுக் கப். பெரியவள் முன்பே சொல்லி வைத்திருந்தபடி புதினா வைத்த கப் டிரைவருக்குப் போயிற்று. மற்றவை மற்றவர்களுக்கு.

மாஸ்டர் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். ஸ்பூன் உதட்டிலேயே நின்றது. தன் கப்பைப் பார்த்தார். டிரைவர் கையிலிருந்த கப்பைப் பார்த்தார். பிறகு, எதுவும் நடக்காதது போல, இரண்டாவது ஸ்பூனை எடுத்தார்.

கவனிக்கவில்லை, கடவுளே, கவனிக்கவில்லை என்று பெரியவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"அண்ணி செய்யறது சாதாரணமாவே பிரமாதமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் ஒரு பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டான்.

ஜெல்லி நாக்கில் நிற்காது. கரைந்தபடியே வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கிவிட்டது. இறங்கிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

அவன் முகத்தில் இரத்தம் வற்றியது. ஸ்பூன் மேஜையில் விழுந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வாஷ்பேசினுக்கு ஓடி, வாயைக் கொப்பளித்தான். திரும்பத் திரும்பக் கொப்பளித்தான். தண்ணீர் புதுச்சட்டையெல்லாம் தெறித்தது.

"என்னாச்சு? புரையேறிடுச்சா?" சின்னவள் ஓடினாள்.

"அதுல ஒயின் இருக்கு."

அப்பா தன் கப்பைக் கீழே வைத்தார்.

பெரியவள் எழுந்தாள். அவளுக்கே ஆச்சரியமாக, குரல் பிசிறில்லாமல் வந்தது. "இல்லையே. உங்களுக்குன்னு தனியா சாறுல செஞ்சேனே. அதுக்குத்தானே புதினா?"

"அண்ணி, எனக்குத் தெரியாதா அந்த ருசி?"

"உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்" என்றாள் பெரியவள்.

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா கை நீட்டினார். "அந்தக் கப்பை இப்படிக் குடும்மா. நான் பார்க்கறேன்."

பெரியவள் கப்பை எடுத்தாள். கொடுக்கவில்லை. "நானே பார்க்கறேன்ப்பா, செஞ்சவ நான்தானே" என்று ஒரு ஸ்பூன் சாப்பிட்டாள். இன்னொன்று. இன்னொன்று. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் பிசிறு வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, வெறும் கப்பை மேஜையில் வைத்தாள்.

"சுத்தமான திராட்சைச் சாறு."

டிரைவருக்கு அழுகை வரும்போல இருந்தது. "நீ என்னை நம்புடி" என்று மனைவியைப் பார்த்து ஒரு அடி வைத்தான்.

சின்னவள் பின்னால் நகர்ந்தாள். "உங்க வாயில வாடை அடிக்குது."

"அதான் சொல்றேனே, அந்த ஜெல்லி..."

"ஒரு வாய்க்கா? இத்தனை தடவை கொப்பளிச்ச பிறகுமா?" இன்னும் ஒரு அடி பின்னால் போனாள். "வர்ற வழியில வண்டியை நிறுத்திட்டு எங்க போனீங்க? சிகரெட்டுன்னு சொன்னீங்களே."

"சிகரெட்டுக்குத்தான்டி போனேன்!"

"அப்போ அக்கா பொய் சொல்றாளா? எனக்கு எங்கம்மா மாதிரி இருந்து வளர்த்தவ, எதுக்குப் பொய் சொல்லணும்?"

எதற்கு என்று அவனுக்குத் தெரியும். அதை அந்த மேஜையில், அந்த ஊன்றுகோலின் எதிரில், எந்த வாயால் சொல்வான்?

சின்னவள் கடைசியாக மாஸ்டரிடம் திரும்பினாள். "அத்தான், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன். இவ செய்யும்போது நீங்க வீட்லதானே இருந்தீங்க? அந்தக் கப்ல என்ன இருந்துச்சு?"

டிரைவரின் முகத்தில் உயிர் வந்தது. "அண்ணே, சொல்லுங்கண்ணே."

மாஸ்டர் தன் கப்பைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார். அவசரமே இல்லை.

"காலையில அடுக்களைக்குப் போனேன். என் கண்ணு முன்னாடிதான் சாறு ஊத்தினா. புதினா இவனுக்குன்னு சொன்னா." இதுவரை ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. "அதுல சாறுதான்ம்மா இருந்துச்சு."

டிரைவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கேரம் ஆடிய சாயங்காலங்கள் எல்லாம் அந்தப் பார்வையில் சரிந்தன.

மேனேஜர் மெதுவாக எழுந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு இவரை அனுப்ப வேண்டாம்." அப்பாவின் பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார். அப்பா அவர் பின்னாலேயே படியிறங்கி, கையைப் பிசைந்தபடி ஏதேதோ சொல்லிக்கொண்டு போனார்.

சின்னவளின் மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது. "இன்னொரு தடவை தொட்டா நான் இருக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன். நீங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்க. வீட்டுக்கு வராதீங்க. உங்க துணிமணியை வெளிய வச்சிடறேன்." கைப்பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

டிரைவர் கடைசியாகப் போனான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பெரியவள் கப்புகளைக் கழுவினாள். மாஸ்டர் அடுக்களை வாசலில் வந்து நின்றபோது அவள் திரும்பவில்லை.

"உங்க கப்ல..."

"சாறு. பல்லு கூசற இனிப்பு."

"அப்போ அவர் வாயில வைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு..."

"ம்."

"ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாமே!"

"நீயும்தான் செய்யாம இருந்திருக்கலாம்."

அவள் குழாயை மூடினாள். "நான் இவ்வளவு நினைக்கல. எல்லார் முன்னாடியும் ஒரு நிமிஷம் தவிக்கட்டும்னுதான் நினைச்சேன். அவ்வளவுதான். சத்தியமா."

"ஒரு நிமிஷம் தவிக்கறதுக்கா என் கால் போச்சு?"

இத்தனை நாள் அவரிடம் கேட்டிராத குரல் அது. உரக்கக்கூட இல்லை.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்களே..." என்றாள்.

"எப்போ சொன்னேன்? ஆஸ்பத்திரில. ஒன்னுக்குப் போகணும்னா நர்ஸைக் கூப்பிடற நிலைமையில படுத்துக் கிடந்தேன். உங்கப்பா அவன் கையைப் புடிச்சு என் கையில வச்சாரு. உன் தங்கச்சி கால்மாட்டுல நின்னு அழுதா. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னீங்க. வேற என்ன சொல்ல?" ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். "அதுக்கப்புறம் அவன் வந்தான். வந்துக்கிட்டே இருந்தான். தின்னான், சிரிச்சான், ஆடினான். ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட என் காலை அவன் பார்க்கல."

பெரியவளுக்குத் தன் கோபமே சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. இந்த வீட்டில் மன்னிக்காதவள் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாளே! தன் பக்கத்திலேயே படுத்து எழுந்தவரை அவள் பார்க்கவே இல்லை. அவரைப் பார்க்க இப்போது பயமாக இருந்தது.

"நாளைக்கு நான் அவகிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

"சொல்லு. என்னன்னு சொல்லுவ? நீ குடுத்தேன்னா, நான் பார்த்தேன்னா?"

அவள் மறுபடி குழாயைத் திறந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. பெரியவள் கதவைத் திறந்தாள். டிரைவர் நின்றான். சட்டை இன்னும் ஈரமாகவே இருந்தது. கையில் ஒரு காகிதப் பை. உள்ளே என்ன என்பதை அதன் வடிவமே சொன்னது.

"சண்டை போட வரல அண்ணி" என்று உள்ளே வந்தான். மாஸ்டருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தான். திறக்கவில்லை. முத்திரை அப்படியே இருந்தது.

"கடை வாசல்லயே குடிச்சிருக்கலாம். கை வரல. இவ்வளவு நாள் வராம வச்சிருந்த கை." மாஸ்டரைப் பார்த்தான். "வேலை போச்சு. பொண்டாட்டி போயிட்டா. நீங்க பொய் சொன்னது எனக்குத் தெரியும்ண்ணே. ஏன்னும் தெரியும். இதுதான் வேணும்னா சொல்லுங்க. ஜெல்லில ஒளிச்சு எதுக்கு? நேரா ஊத்திக் குடுங்க. நீங்க குடுத்தா குடிக்கறேன்."

மாஸ்டர் மனைவியிடம் திரும்பினார்.

"கிளாஸ் எடுத்துட்டு வா."

"வேண்டாங்க."

"எடுத்துட்டு வான்னேன்."

"ஐயோ, வேண்டாங்க. போதும். இதோட விட்டுருங்க." அவள் கும்பிட்டாள்.

அப்போது போன் அடித்தது. சின்னவள். பெரியவள் பாய்ந்து எடுத்தாள்.

"அக்கா..." அழுது அழுது அடைத்துப்போன குரல். "எனக்கு என்னவோ மனசே சரியில்லக்கா. உன்கிட்ட ஒன்னு கேட்கட்டுமா? கோபப்படாதே. நீ செய்யற இனிப்பை நீ சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல. செஞ்சு செஞ்சு வாசனையே குமட்டுதுன்னு சொல்லுவ. இன்னிக்கு மட்டும் ஏன் அந்தக் கப்பை வழிச்சு சாப்பிட்ட?"

பெரியவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"சரி, அதை விடு. அவர் போனை எடுக்கல. எங்க போனாருன்னே தெரியல. பயமா இருக்குக்கா. அங்க வந்தாரா?"

சொல்லிவிடலாம். 'இங்கேதான் இருக்கார், உடனே வா' என்று சொன்னால் போதும். வந்தால் கேட்பாள். கேட்டால் எல்லாம் வெளியே வரும். தான் கொடுத்தது, இவர் பார்த்தது, தின்று மறைத்தது. எதிரே இரண்டு ஆண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லையே" என்றாள். "இங்க வரலையே."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டான். மாஸ்டர் கை நீட்டி பாட்டிலை எடுத்தார். துணி வெட்டிப் பழகிய அந்த விரல்கள் மூடியை ஒரே திருகாகத் திருகின. முத்திரை நொறுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

போனின் மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது.

"அக்கா, அது என்ன சத்தம்?"